மலை ஏறாத வண்டிக்கு டர்போ மட்டுமா காரணம்?

குற்றாலத்தில் சாரல் கட்டி அருவிகளில் தண்ணீர் விழத் தொடங்கியதும், தென்காசி வட்டாரத்தில் காய்கறிப் போக்குவரத்தும் சூடு பிடித்துவிடும். ஆவணியில் கேரளத்தில் ஓணம். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்தும், சுரண்டை, ஆலங்குளம் பகுதித் தோட்டங்களிலிருந்தும் கத்தரி, வெண்டை, தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் முதலியவை செங்கோட்டை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் செல்கின்றன. வழியில் புளியரை எஸ் வளைவு இருக்கிறது. சமதரையில் நன்றாக ஓடும் வண்டியின் உண்மையான உடல்நிலை, சுமையோடு அந்த ஏற்றத்தில் ஏறும்போதுதான் தெரியும்.

ஓர் ஓணத்துக்கு நான்கு நாட்கள் இருந்தபோது கீழப்பாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தொலைபேசியில் பேசினார். கத்தரியில் காய்த் துளைப்பான் பற்றி என்னிடம் முன்பு யோசனை கேட்டவர் அவர். இம்முறை கேட்டது வேறு.

"ஐயா, லோடு வண்டி எஸ் வளைவுல இழுக்க மாட்டேங்கு. முதல் கியர்லயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். அதுக்குள்ள சந்தை முடிஞ்சு போச்சு. பாதி விலைக்குத்தான் போட்டுட்டு வந்தேன். டர்போ போயிட்டுன்னு சொல்லுதாங்க. வீட்டு நகையை வச்சுத்தான் மாத்தணும். நீங்க என்ன சொல்லுதீங்க?"

அவருடையது பத்து ஆண்டு ஓடிய டீசல் பிக்கப் வண்டி. நான் மெக்கானிக் அல்ல. ஆனால் நோய் கண்டறிவதற்குச் சில கேள்விகள் கேட்பது எனக்குப் பழக்கம். மூன்று கேள்விகள் கேட்டேன். ஏறும்போது புகை என்ன நிறம்? எஞ்சின் பக்கமிருந்து சீறும் ஓசை கேட்கிறதா? இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, ஒரே நாளில் குறைந்ததா? கரும்புகை என்றார். டயரில் காற்று இறங்குவது போல 'உஸ்' என்ற ஓசை உண்டு என்றார். முந்தின நாள் வரை நன்றாக இழுத்த வண்டி என்றார்.

"நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் காற்று போகும் ரப்பர் குழாய்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றேன். மறுநாள் வேறொரு பட்டறையில் பார்த்தார்கள். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் சும்மா ஓடும்போது மூடிக்கொள்ளும். சுமையோடு ஏறும்போது அழுத்தத்தில் வாய் திறக்கும். குழாயையும் இரண்டு கிளிப்புகளையும் மாற்றினார்கள். ஓணத்துக்கு முந்தின சந்தைக்கு வண்டி மலை ஏறியது. நகை வீட்டிலேயே இருந்தது.

வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவர் வண்டியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். விளைந்த காய் சந்தைக்கு வேளையோடு போய்ச் சேரும் வரை சாகுபடி முடிந்ததாகாது என்பது என் எண்ணம். எலுமிச்சை இலை மஞ்சளானால் துத்தநாகப் பற்றாக்குறையா, வேரில் நீர் தேங்கியதா, நோயா என்று பாராமல் யூரியாவைக் கொட்டுவது எப்படியோ, வண்டி இழுக்கவில்லை என்றதும் டர்போவை மாற்றுவதும் அப்படியே.

டர்போ என்ன செய்கிறது?

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14½ கிலோ காற்று வேண்டும். எஞ்சின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்று அதன் அளவைப் பொறுத்தது. அதற்கு மேல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் அதிக டீசலை எரிக்கலாம்; அதே எஞ்சினில் அதிக இழுவை கிடைக்கும். இந்த வேலையைச் செய்வதுதான் டர்போ. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்துகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க, ரேடியேட்டர் போன்ற இன்டர்கூலர் உள்ளது.

செங்கோட்டை மலைப் பாதையில் ரயில் ஏறும்போது பின்னால் இன்னொரு எஞ்சினைச் சேர்த்துத் தள்ளுவதை நம் பகுதியினர் பார்த்திருப்பார்கள். டர்போவும் அதைப் போல ஓர் உதவிதான். ஆனால் இது எஞ்சின் வீணாக வெளியே விடும் புகையைக் கொண்டே செய்யும் உதவி.

இந்த அமைப்புக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூச்சி 1905-ல் காப்புரிமை பெற்றார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்ற பொறியாளர், பதினான்காயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுபோய்ச் சோதித்தார். மெல்லிய காற்றில் சக்தி குறைந்த எஞ்சின், டர்போ பொருத்தியதும் இழந்த சக்தியைத் திரும்பப் பெற்றது. இதைக் கேட்டுவிட்டு, எஸ் வளைவிலும் காற்று மெலிந்திருப்பதால்தான் வண்டி திணறுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. நம் புளியரைக் கணவாய் அவ்வளவு உயரமானதல்ல. அங்கே வண்டியைச் சோதிப்பவை சரிவும் சுமையும்தான்.

உங்கள் வண்டியில் டர்போ இருக்கிறதா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ், அதாவது நம் மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் வண்டி, டர்போ இல்லாத இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி. அதில் இழுவை குறைந்தால் காரணம் வேறு.

புகையைக் கவனியுங்கள்

இழுவை குறைந்து கரும்புகை வந்தால், டீசல் போகிறது, காற்று போதவில்லை என்று பொருள். அடைத்த ஏர் பில்டர், வெடித்த குழாய், தளர்ந்த கிளிப் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். இழுவை குறைந்தும் புகை இல்லாவிட்டால் பெரும்பாலும் டீசல் போதவில்லை. டீசல் பில்டர் அடைத்திருக்கலாம். கம்ப்யூட்டர் உள்ள காமன் ரெயில் வண்டியாக இருந்தால், ஏதோ கோளாறு கண்டு அதுவே டீசலைக் குறைத்திருக்கவும் கூடும்.

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் தேய்ந்திருக்கலாம். பிஸ்டன் வளையமும் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், எரியாத டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ வெளியேறுகிறது. அது வேறு வைத்தியம்.

பார்க்க வேண்டிய வரிசை

செலவு குறைந்ததை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்ட பிறகே கை வைக்க வேண்டும். ஓடிய டர்போ தீயாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

முதலாவது, எஞ்சினுக்கு வெளியே உள்ள காரணங்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் எந்த டர்போவாலும் ஈடுகட்ட முடியாது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும், டயரில் காற்று குறைந்திருந்தாலும் வண்டி இழுக்காது. எஞ்சின் இரைச்சல் கூடியும் வண்டி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இவற்றுக்கும் டர்போவுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, ஏர் பில்டர். செம்மண் தூசியும் சாரல் ஈரமும் சேர்ந்தால் பில்டர் காகிதம் அப்பிக்கொள்ளும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்துச் சுத்தம் செய்தால் காகிதம் கிழியும். பில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதும் தவறு. சிறு மணல் துகள் ஒன்று நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ சக்கரத்தில் பட்டாலே அதன் இதழ் சிதையும்.

மூன்றாவது, ரப்பர் குழாய்களும் கிளிப்புகளும். கண்ணால் பார்த்தால் போதாது. அடிப்பக்கத்தில் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஆயில் ஊறி உப்பிய இடமும், கறுத்த ஆயில் கறை தெறித்த இடமும் காற்று கசியும் இடங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது அழுத்தம் ஏறக்குறைய இராது. ஆகவே அப்போது கசிவும் தெரியாது. பட்டறையில் காற்று நுழையும் வாயை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து, குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்க்கலாம். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான் இதுவும். கம்ப்ரசரின் முழு அழுத்தத்தையும் கொடுத்துவிடக் கூடாது. குழாய் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். இன்டர்கூலரிலும் கல் பட்ட ஓட்டை உண்டா என்று இதே முறையில் பார்த்துவிடலாம்.

நான்காவது, டர்போவின் அருகில் போகும் விரல் பருமன்கூட இல்லாத சிறு குழாய்கள். டர்போ அளவுக்கு மேல் காற்றழுத்தாமல் இருக்க, புகையில் ஒரு பகுதியை விலக்கி விடும் கதவு ஒன்று உண்டு. அதை வேஸ்ட் கேட் என்பார்கள். அதை இயக்கும் கருவிக்குப் போவனவே இந்தச் சிறு குழாய்கள். தோப்பிலும் களத்திலும் நிற்கும் வண்டியில் எலியும் அணிலும் இவற்றைக் கடித்துவிடும். கரி படிந்து கதவு திறந்தபடி நின்றாலும் அழுத்தம் ஏறாது. அதன் கம்பி தடையின்றி நகர்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுவை கூடட்டும் என்று அந்தக் கம்பியைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இன்று கிடைக்கும் இழுவைக்கு நாளை பிஸ்டனை விலையாகக் கொடுக்க நேரிடும்.

ஐந்தாவது, டீசல் பில்டர். மழைக் காலத்தில் அடியில் தண்ணீர் தேங்கும். வடித்துவிடும் திருகு எங்கே இருக்கிறது என்பதை ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும்.

ஆறாவது, புகைப் பாதை. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் இடையில் கேஸ்கெட் விட்டிருந்தால், டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே போய்விடும். அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். சைலன்சர் பக்கம் அடைத்திருந்தாலும் டர்போ சுழலாது.

இவ்வளவும் பார்த்த பிறகு அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். காற்றுக் குழாயில் ஒரு அழுத்தமானியை இணைத்து, சுமையோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாம். சிறு சரக்கு வண்டிகளின் டீசல் எஞ்சினில் சதுர அங்குலத்துக்குப் பத்து முதல் இருபது பவுண்டு வரை கூடுதல் அழுத்தம் இருப்பது வழக்கம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதற்குரிய கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், மானியைப் பார்ப்பவர் இன்னொருவராக இருப்பது அவசியம்.

காமன் ரெயில் வண்டியானால் ஸ்கேனரிலேயே இந்த அளவு தெரியும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால், தென்காசியில் அது நூறு கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். அது வெளிக் காற்றின் அழுத்தம். அப்போதே அளவு தாறுமாறாக இருந்தால் சென்சாரிலோ ஒயரிலோ கோளாறு; டர்போ குற்றவாளியல்ல.

கடைசியாகத்தான் டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றித் தண்டை அசைத்துப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் இலேசான அசைவு இருப்பது இயல்பு. சக்கரம் சுவரில் உரசினாலும், தண்டு முன்னும் பின்னும் அசைவது கைக்குத் தெரிந்தாலும், இதழ்கள் உடைந்திருந்தாலும் டர்போ போய்விட்டது என்று கொள்ளலாம். குழாயின் உட்புறம் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். எஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக வரும் ஆவியே அது. ஆயில் குட்டையாகத் தேங்கி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். நீலப் புகை கனமாக வந்து ஆயிலும் குறைந்துகொண்டே போனால் வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து உண்டு.

டர்போ கெட்டே போயிருந்தால்?

எல்லா வண்டியிலும் குழாய்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த தேங்காய் வியாபாரி ஒருவரின் வண்டியில் டர்போ உண்மையாகவே கெட்டிருந்தது. புதிதாக மாற்றினார். மூன்றே மாதத்தில் அதுவும் போயிற்று. காரணம், எஞ்சின் ஆயிலை வேளைக்கு மாற்றாததால் டர்போவுக்கு ஆயில் போகும் சிறு குழாயில் கசடு கட்டியிருந்தது. டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. ஆயில் வராவிட்டால் புதிய டர்போவானாலும் தாங்காது. நோயாளியை மாற்றினார்களே தவிர நோய் அப்படியே இருந்தது.

ஆகவே டர்போ மாற்றும்போது ஆயில் குழாயையும் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன தர ஆயிலைச் சொன்ன கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். கோட்டைவாசல் ஏறியதும் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி உடனே அணைப்பது நம் ஓட்டுநர்களின் பழக்கம். ஏறிய சூட்டோடு அணைத்தால் டர்போவில் நின்றுபோன ஆயில் கருகிப் படியும். இரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைத்தால் போதும்.

குறை யாரிடம்?

பட்டறைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். "நாளைக்குச் சந்தை, இன்றைக்கே வண்டி வேண்டும்" என்று நெருக்குபவர்கள் நாம். அரை நாள் செலவழித்துக் காரணம் கண்டுபிடித்து, "இந்தக் கிளிப்தான், மாற்றிவிட்டேன்" என்று மெக்கானிக் சொன்னால், "இந்தக் கிளிப்புக்கா இவ்வளவு கூலி?" என்று முகம் சுளிப்பவர்களும் நாம்தான். பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை மாற்றினால் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம். கண்டறிந்த அறிவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பிறகு எந்தப் பட்டறையில்தான் பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பார்கள்?

நிலத்திலும் இதே குறைதான். மருந்துப் புட்டிக்குத் தயங்காமல் செலவழிப்பவர் மண் பரிசோதனைக்குப் போக மாட்டார். முப்பது ஆண்டுக் காலம் நான் சொல்லியும் முழுமையாக மாற்ற முடியாத பழக்கம் இது. என் துறையின் பங்கும் இதில் உண்டு. டிராக்டர் பராமரிப்புக்கும் தெளிப்பான் பராமரிப்புக்கும் பயிற்சி நடத்துகிறோம். விவசாயி தினமும் நம்பியிருக்கும் லோடு வண்டியைப் பற்றி ஒரு வகுப்புக்கூட நடத்துவதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும் ஆண்டுக்கு ஒரு நாள், விவசாயிகளையும் உள்ளூர் மெக்கானிக்குகளையும் ஒன்றாக உட்கார வைத்துச் செய்து காட்டினால் பெரும் பயன் உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஓர் அழுத்தமானியும் ஒரு ஸ்கேனரும் பொதுவில் வாங்கி வைக்கலாம். தனி ஆளுக்குச் சுமையாக இருப்பது நூறு பேருக்குச் சுமையாகாது.

நீங்கள் தனியாகவே செய்யக் கூடியதும் உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். ஆயில், ஏர் பில்டர், டீசல் பில்டர் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். இழுவை குறைந்தால் என்று முதல், எந்தக் கியரில், என்ன புகை, என்ன ஓசை என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். "இழுக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு போகாதீர்கள். சோதிப்பதற்குத் தனிக் கூலி தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதை அளந்து டர்போ போய்விட்டது என்று முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருக்கிறது. எப்படியும் பட்டறைக்குப் போகத்தான் போகிறீர்கள். அந்த வேலையை வைகாசியில் வைத்துக்கொண்டு, குழாய்களையும் பில்டரையும் அப்போதே பார்த்துவிட்டால், ஓண நேரத்தில் நள்ளிரவில் மழையில் எஸ் வளைவில் சுமையோடு நிற்க நேராது. அங்கே நின்ற வண்டி உங்கள் காய்க்கு மட்டும் கேடு அல்ல. பின்னால் ஏறி வருபவர் உயிருக்கும் கேடு.

கீழப்பாவூர் நண்பர் இப்போது நோட்டு வைத்திருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் அன்று மாற்றிய குழாயின் விலையையும், அதன் கீழே புதிய டர்போவுக்குச் சொன்ன விலையையும் எழுதி வைத்திருக்கிறார்.